மயிரிழை

மயிரிழையில் தப்பினோம் என்று
இறங்கி வருகிற எல்லோரும் சொல்கிறார்கள்.
அந்த மயிரிழையை அளந்தவள் நான்:
நீட்டிய விரல் நுனியிலிருந்து
ஏழு அங்குலம்.

ஒஹையோ. ஈரி ஏரிக்கரை. மார்ச் மாதம்,
தண்ணீர் இன்னும் பாதி கண்ணாடி.
பழைய ரோலர் கோஸ்டர்கள்
தண்டவாளத்தின் மேல் குந்தி ஓடும்.
இது வேறு ரகம்.
தண்டவாளம் நடுவில் தனியாகப் போகும்.
இந்தப் பக்கம் இரண்டு இருக்கை, அந்தப் பக்கம் இரண்டு,
வண்டிக்கு இறக்கை முளைத்தாற்போல.
மேலே ஒன்றுமில்லை, காலடியில் ஒன்றுமில்லை.
ஓரத்தில் உட்கார்ந்தவனுக்குப்
பக்கத்திலும் ஒன்றுமில்லை.

வரைந்தவர் ஊர்ஸ் அம்ஹெர்ட், சுவிட்சர்லாந்துக்காரர்.
பேசினால் மில்லிமீட்டரில் பேசுவார்.
"பயம் ஒரு கோணம், லோரெட்டா" என்றார் ஒருமுறை.
பிறகு சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்றார்.

இரண்டாவது இறக்கத்தின் அடியில் ஒரு சுவர்.
சுவரில் சாவித் துவாரம் மாதிரி ஒரு துளை.
வண்டி ஒருக்களித்து அதற்குள் நுழையும்.
இடிக்கப்போகிறது என்று தோன்ற வேண்டும்,
அது அவர் வேலை.
இடிக்கக் கூடாது,
அது என் வேலை.

அதற்காகத்தான் தடேயஸ் பிரிக்ஸைக் கூப்பிட்டோம்.
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
ஆறடி பத்தங்குலம்,
அந்த வட்டாரத்திலேயே நீளமான கை.
கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க
ஒரு நாள் சம்பளம்.
மேலே, பக்கத்தில், பின்னால்
எட்டிய இடமெல்லாம் சாக்பீஸால் குறித்தோம்.
"இவ்வளவுதானா நான்?" என்றார்
பலகையில் தன் எல்லையைப் பார்த்து.

அந்தக் கோட்டின்படி மரச்சட்டம் அறுத்து
நுனியெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி
ஏழு அங்குலத்தையும் கூட்டி
ஆளில்லாத வண்டியில் மாட்டி
கயிறு கட்டி நத்தைபோல் இழுத்தோம்.
வலது பக்கம் உரசி
ஸ்பாஞ்ச் ஒரு நகத்தளவு பிய்ந்தது.
அந்த நகத்தளவுக்காகச்
சுவரை இடித்து மறுபடி கட்டினார்கள்.
பூங்கா முதலாளி மூன்று வாரம்
என்னிடம் பேசவில்லை.

அப்புறம் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள், இருநூறு சுற்று.
ஒன்றே ஒன்று முகம் நனைந்து திரும்பியது.
பதிவேட்டில் 'கசிவு' என்று எழுதினேன்.

மே மாதம் திறந்த அன்று
சுவருக்குப் பின்னால் நின்றேன்.
உச்சியில் அறுபத்து நான்கு கைகளும் ஆகாயத்தில்.
சுவரைக் கண்டதும்
அத்தனையும் மடங்கின.
தலைகள் தோளுக்குள் போயின, ஆமைகள்.
தடேயஸும்தான்,
தன் கைக்காகத்தான் அந்தத் துளை என்று தெரிந்தும்.
யாரும் நீட்டாத கைக்காக
ஒரு சுவரை நகர்த்தியிருக்கிறேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஓரத்து இருக்கையில் ஒரு கை மட்டும் மடங்கவில்லை.
விரல் விரித்தபடி துளைக்குள் போயிற்று,
விரல் விரித்தபடி வெளியே வந்தது.
இறங்குமிடத்துக்கு ஓடினேன்.

பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர்,
வில்லா ஹோஸ்டெட்லர்.
மடித்த வெள்ளைக் கோலை
ஒவ்வொரு கணுவாக நீட்டிக்கொண்டிருந்தார்.
"அங்கே என்ன, சுவரா?
காற்று திடீரென்று கெட்டியாச்சே.
சத்தமும் ஒரு கட்டை இறங்கிச்சு. சில்லுன்னு இருந்தது."
சுவர்தான் என்றேன்.
"ரொம்பத் தள்ளி வெச்சிருக்கீங்க.
இன்னும் ஒரு விரற்கடை கிட்ட வரலாம்."
சொல்லிவிட்டு
மறுபடி வரிசைக்கு வழி கேட்டார்.

அன்றிரவு கடைசி விளக்கும் அணைந்தபின்
பராமரிப்பு ஏணியில் ஏறித்
துளையருகே நின்று கண்ணை மூடினேன்.
கையை நீட்டினேன்.
ஏழு அங்குலத்தில் ஒன்றுமில்லை.
ஐந்தில் ஒன்றுமில்லை.
மூன்றில்
அவர் சொன்ன குளிர் இல்லை,
வெதுவெதுப்பு.
பகல் வெயில் இன்னும் சுவருக்குள் இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன்.